“மூலிகைதானே!” என்கிறான் மகன்

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகனின் புத்தகப் பையில் கஞ்சாப் பொட்டலம் இருந்தது. கேட்டால், “மூலிகைதானேம்மா, சிகரெட்டைவிட நல்லது” என்கிறான். இது மூளையைப் பாதிக்குமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: ஊமத்தையும் மூலிகைதான், அம்மா. நம் மூளை தானே உருவாக்கும் ஒரு பொருளுக்கு, 1992-இல் அதைக் கண்டறிந்தவர்கள் ‘ஆனந்தம்’ என்ற சொல்லைக்கொண்டே ‘ஆனந்தமைடு’ என்று பெயரிட்டனர். நரம்பணுக்களுக்கு இடையே செல்லும் செய்திகளை மட்டுப்படுத்தும் அப்பொருள் அமர வேண்டிய இடத்தில்தான் கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஹெச்சி போய் உட்கார்ந்துகொள்கிறது. திட்டமிடுவதற்கும் அவசரத்தை அடக்குவதற்கும் உரிய முன்மூளை ஏறத்தாழ 25 வயது வரை முதிர்ந்துகொண்டிருப்பதால், பதின்வயதில் இந்தக் குறுக்கீடு கூடுதலாகவே கவலை தருகிறது.

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73-இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2012-இல் வெளியான ஆய்வில், பதின்வயதில் தொடங்கிப் பல்லாண்டுகள் விடாமல் பயன்படுத்தியவர்களின் ஐ.க்யூ. 38 வயதுக்குள் 8 புள்ளிகள் வரை குறைந்திருந்தது. இரட்டையர்களை ஒப்பிட்ட பிந்தைய ஆய்வு, குடும்பச் சூழலும் இதற்குக் காரணமாகலாம் என்றது. எனவே இந்த எண்ணைக் காட்டி மகனை மிரட்ட வேண்டாம். என் பெரிய கவலை, கஞ்சா தூண்டிவிடக்கூடிய மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா)தான். குடும்பத்தில் எவருக்கேனும் அது இருந்திருந்தாலோ, யாரோ தன்னைக் கண்காணிப்பதாக மகன் சொன்னாலோ, தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எப்போது தொடங்கினான், வாரத்துக்கு எத்தனை முறை என்பதை, பொட்டலத்தைப் பற்றிய சண்டை ஓய்ந்த பிறகு, நிதானமாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.