கேள்வி-பதில்: காசில்லாத பேய்கள்

கே: கோடி கோடியாகக் கொட்டி எடுத்த பேய்ப் படங்களில் வராத பயம், பெயரே கேள்விப்படாத சில்லறை பட்ஜெட் படங்களில் வருகிறதே, எப்படி?
- வாசகர், மதுரை

ப: முதலில் முகங்கள். தெரிந்த நடிகர் என்றால் இடைவேளைக்கு முன் சாகமாட்டார் என்று நமக்கே தெரியும். முகம் புதிதானால் அந்தத் தைரியம் போய்விடும்.

அடுத்தது இடம். 1962-இல் வந்த 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' சுமார் 33,000 டாலரில் முடிந்த படம். இயக்குநர் ஹெர்க் ஹார்வி, கான்சாஸ் மாநிலத்தில் தொழிற்சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் விளக்கப் படம் எடுத்துப் பிழைத்தவர். யூட்டாவின் உப்பு ஏரிக்கரையில் பாழடைந்து கிடந்த சால்ட்ஏர் கேளிக்கை மண்டபத்தைப் பார்த்த பிறகுதான் கதையே உருவானது. செட் போட்டு அந்த வெறுமையைக் கொண்டுவர முடியாது. வெள்ளைப் பூச்சு முகத்தோடு வரும் பிசாசும் ஹார்விதான்! துணை நடிகர்கள் வசனத்தை ஒப்பிக்கிறார்கள். ஆனால் யாரோடும் ஒட்டாத நாயகிக்கு அதுவே பொருந்திவிடுகிறது. மலிவுப் படமெல்லாம் இப்படி அமையும் என்று நம்பிவிடாதீர்கள், பெரும்பாலானவை தூக்கம்தான்.

கே: குறும்படம் எடுக்கிறோம். ரத்தம் கேமராவில் ரோஸ்மில்க் மாதிரி தெரிகிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, கோவை

ப: வெறும் சிவப்புச் சாயத்தில் வெளிச்சம் ஊடுருவிவிடும். ஒரு கப் கார்ன் சிரப், 2 டீஸ்பூன் சிவப்பு ஃபுட் கலர், 2 சொட்டு நீலம், ஒரு டீஸ்பூன் கோகோ பவுடர். கோகோவை முதலில் துளி வெந்நீரில் குழையுங்கள். நேரே போட்டால் கட்டி தட்டும். சிரப் கிடைக்காவிட்டால் சர்க்கரைப் பாகு. பிசுபிசுப்புப் பதத்திலேயே இறக்கிச் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். கம்பிப் பதத்துக்குப் போனால் ஆறியதும் பூத்துவிடும். கறை போகாது, சட்டை இரண்டு செட் வேண்டும். எறும்பையும் சமாளிக்க வேண்டும். கறுப்பு வெள்ளைக்குச் சாக்லேட் சிரப்பே போதும். ஜார்ஜ் ரோமெரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) படத்தில் ரத்தம் அதுதான்.

ரத்தத்தைவிட ஒலியைக் கவனியுங்கள். ஃபேனை அணைத்துவிட்டு, யாரும் பேசாமல் அந்த அறையின் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் வசனங்களுக்கு நடுவே நிரப்ப அது இல்லையென்றால், ஒவ்வொரு வெட்டும் காதில் இடறும்.

கே: அந்த ரோமெரோ படம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே, திருட்டுப் பிரதியா?
- வாசகர், சேலம்

ப: இல்லை. விநியோகஸ்தர் தலைப்பை மாற்றியபோது, பழைய தலைப்போடு இருந்த காப்புரிமை அறிவிப்பும் விடுபட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அறிவிப்பு இல்லையேல் உரிமையும் இல்லை. இலவசப் பிரதிகளில் பல மங்கலானவை. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் புதுப்பித்த பிரதி கிடைத்தால் அதையே பாருங்கள்.