பதில்: வியட்நாம் மிளகு வருது, கொடியை வெட்டிடலாமா?

வணக்கம்ங்க. கொல்லிமலையில ரெண்டு ஏக்கர் காப்பி, சில்வர் ஓக் மரத்துல மிளகு, வெளிநாட்டுச் சரக்கு வந்து விலை நிக்கலை, கொடியை எடுத்துடலாமான்னு கேட்டிருந்தீங்க. அவசரப்படாதீங்க.

ஏக்கர் மகசூல்ல வியட்நாமோட மோதவே முடியாது. அங்க அது தனிப்பயிர். கம்பம் நட்டு, நெருக்கி வச்சு, உரமும் தண்ணியும் கொட்டி எடுக்கறாங்க. உங்களுக்கோ ஊடுபயிர். நிலம், நிழல், காவல் எல்லாம் காப்பி கணக்குல போயிடுது. மிளகுக்குன்னு தனியா ஆகறது பெரும்பாலும் பறிகூலிதான். கிலோவுக்கு உங்க அடக்கம் என்னன்னு மட்டும் பாருங்க. 2017 டிசம்பர்ல இறக்குமதிக்குக் கிலோ 500 ரூபாய்னு குறைந்தபட்ச விலை வச்சாங்க. அதை நம்பி உக்காந்துட முடியாது.

நீங்க கோட்டை விடறது, பச்சையாவே குத்தகைக்கு விட்டுடறதுல. குலையில ஒண்ணு ரெண்டு மணி சிவந்ததும் பறிச்சு, கொதிநீர்ல ஒரு நிமிஷம் முக்கி, தார்ப்பாய்ல காய வைங்க. மூணு கிலோ பச்சைக்கு ஒரு கிலோ தேறும். ஒரு லிட்டர் படியில அளந்த காய்ஞ்ச மிளகு 550 கிராம் எடை நின்னா வியாபாரி பேச்சே மாறும். நல்லா காய்ஞ்சது வருஷக்கணக்கா கெடாது, தேவைப்படறப்ப ஒவ்வொரு மூட்டையா விக்கலாம்.

மழைக்கு முன்னாடி போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) அடிச்சுடுங்க. பூஞ்சையால வர்ற வாடல் நோய் வந்துட்டா கொடி தானா பட்டுப்போயிடும், கொடியை நீங்க வெட்ட வேண்டிய வேலையே இருக்காது.