நாளைக் குறைக்கலாம், வேகத்தைக் குறைக்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 20. கோவில்பட்டியில் கல்லூரி அணிக்கு ஹாக்கி ஆடுகிறேன், மிட்ஃபீல்டர். விடுமுறையில் இரண்டு மாதம் வாரத்துக்கு ஆறு நாள் ஓட்டம், ஜிம் என்று தயாரானேன். இப்போது செமஸ்டர் தேர்வு. போட்டிக்கு ஐந்து வாரம் இருக்கிறது. சேர்த்த ஸ்டாமினா போய்விடுமா? கடைசி வாரம் கடுமையாகப் பயிற்சி செய்து ஈடுகட்டலாமா?

பதில்: கடைசி வார யோசனையை முதலில் கைவிடுங்கள். அப்படிக் கிளம்புகிறவர்கள்தான் தொடையின் பின்தசையைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வருகிறார்கள்.

ஓட்டத்தை அடியோடு நிறுத்தினால் சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறையத் தொடங்கும். ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் ரத்தமும் குறையும். இரண்டு வாரம் கழித்து அதே மைதானத்தில் மூச்சு வாங்குவது இதனால்தான். தசை பலம் அவ்வளவு சீக்கிரம் போகாது; மூன்று, நான்கு வாரம் தாங்கும்.

ஆனால் ஸ்டாமினாவைச் சேர்க்கப் பட்ட பாடு அதைக் காப்பாற்றத் தேவையில்லை. அமெரிக்காவில் உடற்பயிற்சி ஆய்வாளர் ராபர்ட் ஹிக்ஸன் 1980களில் செய்த ஆய்வுகளில், வாரத்துக்கு 6 நாள் பயிற்சியை 2 நாளாகக் குறைத்தவர்களுக்கும் 15 வாரம் வரை, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் குறையவில்லை. பயிற்சியின் தீவிரத்தைக் குறைத்தவர்களுக்குத்தான் சரிந்தது. ஆகவே தினமும் மெதுவாக ஓடி மனதைத் தேற்றிக்கொள்வதில் பலனில்லை. உங்கள் ஆட்டமே பாய்வதும் நிற்பதும் மறுபடி பாய்வதும்தானே!

வாரத்தில் இரண்டு நாள், பத்து நிமிடம் உடலைச் சூடாக்கிவிட்டு, 30 விநாடி வேக ஓட்டம், 30 விநாடி மெது ஓட்டம் என்று எட்டு முதல் பத்து முறை. ஐந்து நிமிடம் ஓய்வெடுத்து இன்னொரு சுற்று. இரண்டாவது சுற்றை ஸ்டிக்கும் பந்துமாகக் குனிந்தே ஓடுங்கள். முதுகுக்கும் பழக்கம் விட்டுப்போகக் கூடாது. மூன்றாவது நாள் ஸ்குவாட், பிளாங்க். கூடவே இது: முட்டி போட்டு, நண்பர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடம்பை வளைக்காமல் மெதுவாக முன்னால் சாய வேண்டும். ஐந்து முறை போதும். பின்தசைக் காயத்தைத் தடுப்பதில் இதற்கு நல்ல பெயர் உண்டு. முதல் சில நாள் வலிக்கும் என்பதால் இப்போதே தொடங்குங்கள்.

தேர்வு முடிந்ததும் படிப்படியாக நாட்களைக் கூட்டுங்கள். போட்டி வெயிலில் என்றால், உடல் அதற்குப் பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும். ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் படித்துவிட்டுக் காலையில் வேக ஓட்டம் வேண்டாம்.

ஓடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்திருந்தால், அல்லது குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால், இதய மருத்துவரைப் பார்த்து இசிஜி எடுத்த பிறகே மைதானத்தில் இறங்குங்கள்.