கன்வெர்ட்டிபிள் டிபெஞ்சர்: அந்தக் காலத்து லாபம் இப்போது கிடைக்குமா?

கேள்வி: 1980-களில் என் அப்பா கன்வெர்ட்டிபிள் டிபெஞ்சர் (பின்னர் பங்காக மாறும் கடன் பத்திரம்) வாங்கி, அவை பங்குகளாக மாறியபோது நல்ல லாபம் பார்த்தார். இப்போது தெரிந்தவரின் பிரைவேட் லிமிடெட் நிறுவனம், கட்டாயம் பங்காக மாறும் டிபெஞ்சரை (சி.சி.டி) 12% வட்டியில் தருவதாகச் சொல்கிறது. 5 லட்சம் ரூபாய் போடலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் அப்பாவுக்கு லாபம் தந்தது அன்றைய விலைக் கட்டுப்பாடு. வெளியீட்டு விலையை மத்திய அரசின் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளர்தான் முடிவு செய்வார். சந்தையில் 150 ரூபாய்க்குப் போகும் பங்கு டிபெஞ்சர்காரருக்கு 60 ரூபாய்க்குக் கிடைத்தால், மாறிய அன்றே 90 ரூபாய் லாபம். ஒரு பகுதி மட்டும் மாறும் டிபெஞ்சரில் மிஞ்சும் கடன் பகுதியைச் சந்தையில் 'கோக்கா' என்பார்கள். அதை முகமதிப்புக்குக் கீழே தள்ளிவிட்டாலும் கணக்கு உதைக்காது.

1992-ல் அந்தக் கட்டுப்பாடு போனது. மலிவு விலையும் கூடவே போனது. இப்போது மாற்று விலை (டிபெஞ்சர் பங்காக மாறும்போது ஒரு பங்குக்குப் போடும் விலை) சந்தை விலையை ஒட்டியே இருக்கும். மிஞ்சுவது வட்டி, அதற்கும் வரி உண்டு. 30% வரி கட்டுபவருக்கு 8% வட்டியில் கைக்கு வருவது 5.6%தான் (செஸ் தனி). பங்கு வேண்டுமென்றால் பங்கையே வாங்கிவிடலாமே!

உங்கள் விஷயத்துக்கு வருவோம். சி.சி.டி-யில் அசல் பணமாகத் திரும்பாது. 12% வட்டியும் மாறும் நாள் வரைதான். நிறுவனம் நொடித்தால் கடன்காரர் வரிசையில் நிற்கலாம் என்றும் நம்ப வேண்டாம். 2023-ல் ஒரு திவால் வழக்கில் சி.சி.டி-யைப் பங்கு முதலீடாகவே உச்ச நீதிமன்றம் பார்த்தது.

மாற்று விலை 100 ரூபாய் என்றால் உங்களுக்கு 5,000 பங்குகள். 250 என்றால் 2,000தான். 'அன்றைய மதிப்பீட்டின்படி' என்று மட்டும் ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மதிப்பீட்டாளரை நியமிப்பது நிறுவனம்தான். அதிகபட்ச மாற்று விலையை எழுதி வாங்குங்கள். உங்கள் பெயரிட்ட பி.ஏ.எஸ்-4 படிவம் (நிறுவனம் தர வேண்டிய முதலீட்டு அழைப்புக் கடிதம்) வந்த பிறகே, உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்புங்கள். நிறுவனம் பணம் வாங்கிய 60 நாளில் ஒதுக்கீடு (டிபெஞ்சரை உங்கள் பெயரில் தருவது) நடக்காவிட்டால், அடுத்த 15 நாளில் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், பங்குச் சந்தையில் பட்டியலிடாத பங்கை நாளை யாரிடம் விற்பீர்கள்? 5 லட்சம் உங்கள் சேமிப்பில் பெரும்பகுதி என்றால் வேண்டாம்.

கேள்வி: டிபெஞ்சர் பங்காக மாறும்போது வரி உண்டா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: மாறும்போது இல்லை. பங்கை விற்கும்போதுதான். டிபெஞ்சருக்குக் கொடுத்த விலையே பங்கின் அடக்கவிலை. டிபெஞ்சர் வைத்திருந்த காலமும் சேரும். ஒதுக்கீட்டுக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள்.