சீனக் கல்யாணத்துக்கு 501 வேண்டாம்!

கேள்வி: சீனாவின் மொத்த வியாபார நகரமான யீவூவிலிருந்து எங்களுக்குச் சரக்கு அனுப்பும் சீன நண்பர், மகன் கல்யாணத்துக்கு அழைத்திருக்கிறார். 501 யுவான் மொய் வைக்கலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: அந்த ஒரு யுவானைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு ஒற்றைப்படையில் முடிந்தால்தான் மொய்; அவர்களுக்கு நல்ல காரியம் என்றால் ஜோடி எண். ஒற்றைப்படைத் தொகை துக்க வீட்டுக்குப் போவது. 600, 800 என்று வையுங்கள். 6 என்றால் காரியம் தடையில்லாமல் ஓடும். 8-ஐச் சொல்லும் ஒலி செல்வம் பெருகுவதைக் குறிக்கும் சொல்லோடு ஒத்துப்போகும். 4-இன் ஒலியோ சாவை நினைவூட்டும், ஆகவே 400 ஜோடி எண் ஆனாலும் ஆகாது. 250-ஐத் தொடவே தொடாதீர்கள். ‘அரைக்கிறுக்கு’ என்று திட்டுவதற்கு அங்கே அந்த எண்ணைத்தான் சொல்வார்கள்!

உறை சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளை உறை சாவுக்கு. புது 100 யுவான் நோட்டுகளாகப் போட்டு, உறையின் பின்பக்கம் பெயர் எழுதுங்கள். மண்டப வாசலில் மேஜை போட்டு, நம் மொய் நோட்டு போலவே பெயரும் தொகையும் எழுதிக்கொள்வார்கள். பெயர் இல்லாத உறை கணக்கில் சேராது. திருப்பிச் செய்ய அவர்களுக்கும் வழி தெரியாது. தொகை ஊருக்கு ஊர் மாறும், தெற்கே குவாங்தோங் மாகாணத்தில் ரொம்பக் குறைவு. அதே கல்யாணத்துக்குப் போகும் இன்னொருவரைக் கேட்டுவிடுவது நல்லது.

வீசாட் (WeChat) செயலியில் அனுப்புவதென்றால், அதிலுள்ள ‘சிவப்பு உறை’ ஒன்றில் வழக்கமாக 200 யுவானுக்கு மேல் போகாது. பணப் பரிமாற்றமாக அனுப்புங்கள். பரிசுப்பொருள் என்றால் கடிகாரமும் குடையும் கூடாது: ‘கடிகாரம் கொடுப்பது’ என்பது சாகிறவரை வழியனுப்புவது போல ஒலிக்கும், குடையின் பெயர் பிரிவு போல.

கேள்வி: அழைப்பில் மாலை 5.58 என்று இருக்கிறதே, அச்சுப் பிழையா?

பதில்: இல்லை, 8-இல் முடிய வேண்டும் என்பதற்காக. வடக்கே பகல் விருந்து அதிகம், அங்கே 11.58 என்று போடுவார்கள். அரை மணி முன்னதாகவே போங்கள். மணமக்கள் மேஜை மேஜையாக வந்து கோப்பை உயர்த்தும்போது எழுந்து நில்லுங்கள். பெரியவர்கள் கோப்பையைவிட உங்கள் விளிம்பு தாழ்ந்திருக்கட்டும். கோப்பையில் ஊற்றும் பைஜியு என்ற சீனச் சாராயத்தில் ஆல்கஹால் பெரும்பாலும் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கும், காரமானது. வேண்டாமென்றால் டீயை உயர்த்தலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கீரையைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது உண்டு. சாப்பாடு முடிந்ததும் கூட்டம் சட்டென்று கலைந்துவிடும். அது கோபமில்லை, வழக்கமே அப்படித்தான்.

கேள்வி: தெருவில் சாக்கடை மூடிகள்மேல் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. ஏன்?

பதில்: அந்த வழியாகக் கல்யாணக் கார்கள் வரப்போகின்றன. குழியிலிருந்து கெட்டது எதுவும் மணமக்களை அண்டக்கூடாது என்று மூடுகிறார்கள். தாளில் ‘மகிழ்ச்சி’ என்ற எழுத்து இரண்டாக இணைந்திருக்கும். பெண்ணை அழைத்துக்கொண்டு திரும்பும் கார்கள், முடிந்தவரை வந்த வழியே போகாமல் வேறு தெருவால் சுற்றிவரும். பட்டாசுக்குப் பல நகரங்களில் தடை என்பதால், வெடிச்சத்தம் மட்டும் எழுப்பும் மின்பெட்டியைக் கேட்பீர்கள். நடக்கும்போது தாளை மிதிக்காமல் ஒதுங்கிப் போங்கள்.