நீலத் தொட்டிக்குள் என்ன போகும், என்ன போகாது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், சிங்கப்பூர் அடுக்குமாடி புளோக்குகளின் கீழே நிற்கும் நீல நிற மறுபயனீட்டுத் தொட்டியைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். மாமியார் மருமகள் விவகாரத்துக்குக்கூட இத்தனை கடிதம் வந்ததில்லை. பாதிப் பேர் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் என்பதால், பெயரை விட்டுவிட்டு வட்டாரத்தை மட்டும் போடுகிறேன்.

அக்கா, நான் பாட்டில், டின் எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்துத்தான் கீழே கொண்டுபோகிறேன். தொட்டி மூடியைத் திறந்தால் பாதி சாப்பிட்ட பிரியாணிப் பெட்டி, குழந்தையின் அணையாடை, பழைய தலையணை. "எப்படியும் ஒரே லாரியில் ஏற்றி எரிக்கத்தான் போகிறார்கள், உனக்கு எதற்கு இந்த வேலை?" என்று என் கணவர் கேலி செய்கிறார். அவர் சொல்வது சரியா? – வாசகி, தோ பாயோ

லாரி விஷயத்தில் அவர் சொல்வது தவறு. நீலத் தொட்டியைக் காலி செய்யும் வண்டி தனி, மாடியிலிருந்தே குப்பையைப் போடும் குப்பைக் குழாயில் விழுவதை எடுக்கும் வண்டி தனி. இரண்டும் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருப்பதால் பலருக்கு இந்தச் சந்தேகம் வருகிறது. நீலத் தொட்டிப் பொருள்கள் தரம் பிரிக்கும் கூடத்துக்குப் போகின்றன. எங்கள் வட்டாரத் தொண்டூழியர்களோடு அப்படி ஒரு கூடத்தைப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஓடிக்கொண்டே இருக்கும் பட்டையின் இரண்டு பக்கமும் ஆட்கள் கையுறை போட்டுக்கொண்டு நின்று பொறுக்குகிறார்கள். இரும்பு டின்னைக் காந்தம் இழுத்துக்கொள்கிறது. காகிதம், பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி என்று பிரித்து, அழுத்திக் கட்டி, அதில் பெரும்பகுதியை வெளிநாட்டு ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். நான் போன அன்று அந்தப் பட்டையில் ஒற்றைக் காலணி ஒன்று போனது. பின்னாலேயே மூடி திறந்த ஒரு டப்பாவில் மீன் குழம்பு. அதைப் பொறுக்க வேண்டியிருந்த பெண்மணியின் முகத்தை உங்கள் கணவர் பார்த்திருந்தால் கேலி செய்திருக்க மாட்டார்.

ஆனால் அவர் பேச்சில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. நீலத் தொட்டிகளில் சேர்வதில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு உதவாது என்று தேசிய சுற்றுப்புற வாரியமே சொல்கிறது. தலையணை, காலணி போன்று அங்கே வரவே கூடாதவை ஒரு பகுதி. நல்ல பொருளாக வந்து, சாப்பாடும் திரவமும் பட்டுக் கெட்டுப்போனவை இன்னொரு பகுதி. இதில் அதிகம் அடிபடுவது காகிதம்தான். டின்னும் கண்ணாடிப் பாட்டிலும் குழம்பு பட்டாலும் ஓரளவு தப்பித்துவிடும். நாளிதழும் அட்டைப்பெட்டியும் எண்ணெயைக் குடித்துவிட்டால் முடிந்தது. எரியாலைக்குத்தான் போக வேண்டும்.

எரித்தால் என்ன போச்சு என்று அடுத்து கேட்பார். எரித்த பிறகு மிஞ்சும் சாம்பலைப் படகில் ஏற்றிச் செமாக்காவ் தீவில் கொட்டுகிறார்கள். நமக்கு இருக்கும் ஒரே குப்பை நிலம் அது. 1999-ல் திறந்தார்கள். இப்போது போகிற வேகத்தில் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அடுத்த தீவை எங்கே தேடுவது? அதற்குப் பதில் அவரிடம் இருந்தால் எனக்கும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

உங்களுக்கு என் யோசனை இதுதான்: காகிதத்தை நீலத் தொட்டியில் போடாதீர்கள். சேர்த்துவைத்து, வீடு வீடாக வந்து பழைய பொருள் வாங்கும் கரங்குனிக்காரர் வரும்போது கொடுத்துவிடுங்கள். சில காசுகளும் கிடைக்கும், யார் வீட்டுக் குழம்பும் அதன்மேல் கவிழாது. டின், பாட்டில், பிளாஸ்டிக் டப்பாவை மட்டும் கீழே கொண்டுபோங்கள். இன்னொன்று, நீங்கள் ரொம்பவே கழுவுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சோப்பு போட்டுத் தேய்க்கத் தேவையில்லை. சாப்பாடு ஒட்டியிராமல் ஒரு தடவை அலசி, நீரை வடித்தால் போதும். நான் அரிசி கழுவிய தண்ணீரில் அலசுகிறேன். ஊறுகாய்ப் பாட்டிலுக்கு மட்டும் கொஞ்சம் வெந்நீர் வேண்டியிருக்கும். அந்த எண்ணெய் லேசில் போகாது.

பிரியாணிப் பெட்டி போட்டவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தரை வீடுகளில் வீட்டுக்கு வீடு தனித் தொட்டி. அதில் கண்டதைப் போட்டால் யார் வேலை என்று தெரிந்துவிடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் நூறு குடும்பத்துக்கு ஒரு தொட்டி, அதுவும் கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில். நடந்து போகிறவர்கள், பக்கத்துக் காப்பிக் கடையில் வாங்கிக் குடித்தவர்கள் எல்லோருக்கும் அது ஒரு பெரிய குப்பைத் தொட்டிதான். 2014-லிருந்துதான் புளோக்குக்கு ஒன்று என்று ஆனது. அதற்கு முன்பு பல புளோக்குகள் ஒன்றைப் பகிர்ந்துகொண்டன. உங்கள் அண்டை வீட்டாரைச் சந்தேகப்படுவதற்கு முன்பு காப்பிக் கடை எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

என் மாமியார் திருச்சியிலிருந்து வந்திருக்கிறார். அங்கே பிரித்துப் போட்டுப் பழக்கம் என்பதால், காகிதம் ஒரு பை, பிளாஸ்டிக் ஒரு பை, கண்ணாடி ஒரு பை என்று சமையலறை முழுக்கப் பைகள். இங்கே அப்படித் தேவையா? – வாசகி, ஈசூன்

தேவையில்லை. நீலத் தொட்டியில் காகிதம், பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி நான்கையும் கலந்தே போடலாம், பிரிக்கிற வேலையைக் கூடத்தில் பார்த்துக்கொள்வார்கள். 2023-ல் குடும்பங்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்களே, மடக்கி வைக்கிற 'புளூபாக்ஸ்', அது வீட்டில் இருந்தால் அதிலேயே எல்லாவற்றையும் சேர்க்கலாம். என்ன போடலாம், போடக்கூடாது என்று அதன்மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் மாமியாரிடம் "தேவையில்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். காகிதப் பையைக் கரங்குனிக்காரருக்கென்று அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள். அதோடு, சாப்பாட்டுக் கழிவு இங்கே குப்பைக் குழாய்க்குத்தான் போகிறது என்பதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். ஊரில் மக்கும் குப்பையைத் தனியாகக் கொடுத்துப் பழகியவர்களுக்கு அது கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும்.

நாசி லெமாக், பரோட்டா கட்டித் தருகிற பழுப்புக் காகிதம் காகிதம்தானே? என் மகள் அதை நீலத் தொட்டியில் போடுகிறாள். – வாசகர், பிடோக்

பார்ப்பதற்குத்தான் காகிதம். உட்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. எண்ணெய் வேறு. குழாயில் போடுங்கள். டிஷ்யூத் தாளும் அப்படியே. நுரைப் பெட்டி, அதாவது ஸ்டைரோஃபோம், கழுவினாலும் ஆகாது. பீட்சா பெட்டியில் எண்ணெய் படாத மேல்மூடியைக் கிழித்து நீலத் தொட்டிக்கும், அடிப்பக்கத்தைக் குழாய்க்கும் அனுப்பலாம். ரொட்டி வந்த பிளாஸ்டிக் பை, முட்டைத் தட்டு ஆகியவை சுத்தமாக இருந்தால் நீலத் தொட்டிக்குப் போகலாம். மைலோ டின், பால் டின் தாராளமாக. உடைந்த பீங்கான் தட்டு, அடுப்பில் வைக்கிற கண்ணாடிப் பாத்திரம் இரண்டும் வேண்டாம். அது பாட்டில் கண்ணாடியோடு சேர்ந்து உருகாது.

எது எங்கே போகும் என்று தெரியாமல் தொட்டி முன்னால் நின்றால் குழாயில் போட்டுவிடுங்கள். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, சுற்றுச்சூழலைப் பற்றி எழுதுகிறவள் இப்படிச் சொல்லலாமா என்று. "போட்டு வைப்போம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று நல்ல எண்ணத்தோடு போடப்படும் அழுக்குப் பொருள்தான் மற்ற வீட்டுக் காகிதத்தையும் கெடுக்கிறது. நம் வீடுகளில் கீழே எடுத்துப்போகிற வேலை பெரும்பாலும் பணிப்பெண்ணுடையது. எது போகும், எது போகாது என்று அவருக்கு யாராவது ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறோமா? சொல்லிவிட்டுப் பிறகு குறை கண்டுபிடியுங்கள்.

எங்கள் புது புளோக்கில் குப்பைக்கு ஒரு குழாய், மறுபயனீட்டுக்கு ஒரு குழாய், இரண்டும் மாடியிலேயே இருக்கின்றன. இணையத்தில் வாங்கிய சாமானின் பெட்டியை யாரோ திணித்து அடைத்துவிட்டார்கள். – வாசகர், பொங்கோல்

உங்களைப் பார்த்து எனக்குப் பொறாமைதான். அங் மோ கியோவில் எங்கள் பழைய புளோக்குக்கு அந்த வசதி கிடையாது, நான் மின்தூக்கியில் இறங்கித்தான் ஆக வேண்டும். உங்கள் பொங்கோலில்தான் இதை முதலில் ஒரு வீட்டுத் திட்டத்தில் செய்து பார்த்தார்கள். 2014 முதல் விற்பனைக்கு வரும் புதிய வீவக வீடுகள் எல்லாவற்றிலும் இரட்டைக் குழாய் உண்டு. 2018 ஏப்ரல் முதல் நான்கு மாடிக்கு மேற்பட்ட புதிய தனியார் அடுக்குமாடிகளுக்கும் அது கட்டாயம்.

குழாய் வாய்க்குள் தானாக வழுக்கிப் போகாததைத் திணிக்கக் கூடாது, அவ்வளவுதான். பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கினாலும் நீளமாக இருந்தால் நடுவில் குறுக்கே நின்றுவிடும். துண்டு துண்டாகக் கிழியுங்கள், இல்லாவிட்டால் கீழே எடுத்துப் போங்கள். அடைத்துக்கொண்டதை நீங்களே குச்சியால் குத்தாமல், புளோக்கைப் பராமரிக்கும் நகர மன்றத்துக்குப் போன் செய்யுங்கள்.

கூட்டுரிமை (காண்டோமினியம்) வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். எல்லோரும் கண்டதைப் போடுகிறார்கள் என்று நிர்வாகம் மறுபயனீட்டுத் தொட்டிகளை எடுத்துவிட்டது. கேட்டால், "வேண்டுமானால் பக்கத்து வீவக புளோக்கில் போடுங்கள்" என்கிறார்கள். – வாசகி, புக்கிட் தீமா

அப்படி எடுக்க முடியாது. கூட்டுரிமை வீடுகளின் நிர்வாகம் குடியிருப்பாளர்களுக்கு மறுபயனீட்டுத் தொட்டி வைத்துத் தர வேண்டும் என்பது 2008 முதலே சட்டம். வாடகைக்கு இருப்பவர் என்பதற்காகத் தயங்க வேண்டாம், குடியிருப்பவர் யாரும் கேட்கலாம். முதலில் நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சல் போதும். உங்கள் வீட்டு உரிமையாளருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், அவருக்குத்தான் கூட்டத்தில் வாக்கு உண்டு. பதில் வராவிட்டால் சுற்றுப்புற வாரியத்திடம் போகலாம். தொட்டியை எங்கே வைக்கிறார்கள் என்பதையும் பேசுங்கள். வண்டி நிறுத்துமிடத்தின் இருண்ட மூலையில் வைத்தால் கண்டதும்தான் விழும். காவலரின் கண்ணில் படும்படி மின்தூக்கிக்கு அருகே வைக்கச் சொல்லிப் பாருங்கள்.

ஆன்ட்டி, பிரிக்காமல் போட்டால் அபராதம் உண்டா? பள்ளியில் விவாதம். – உயர்நிலை இரண்டு மாணவன், ஜூரோங் வெஸ்ட்

இல்லை தம்பி. சிங்கப்பூரில் வீட்டில் இருப்பவர்கள் குப்பையைப் பிரித்தே ஆக வேண்டும் என்று சட்டம் கிடையாது. தொட்டி வைக்கவும் அதில் சேர்வதை எடுக்கவும்தான் சட்டம், போடுவது அவரவர் விருப்பம். ஆனால் மாடியிலிருந்து கீழே எறிந்தால் அபராதம் உண்டு, கேமரா வைத்துப் பிடிக்கிறார்கள். விவாதத்துக்கு ஓர் எண் தருகிறேன்: 2023-ல் வீடுகளின் மறுபயனீட்டு விகிதம் 12 விழுக்காடுதான். 2030-க்குள் 30 ஆக்குவது இலக்கு. கட்டாயப்படுத்த வேண்டும் என்ற கட்சி நீயென்றால் இதை வைத்துக்கொள். எதிர்க்கட்சி என்றால் எதிரணியிடம் காட்டாதே.

பானப் புட்டிக்குப் பத்துக் காசு என்கிறார்களே, இனி நீலத் தொட்டியில் போட்டால் நஷ்டமா? – வாசகர், உட்லண்ட்ஸ்

ஆமாம், பத்துக் காசு நஷ்டம். 2026 ஏப்ரல் 1-லிருந்து, 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரையுள்ள பிளாஸ்டிக் பான பாட்டிலுக்கும் உலோக டின்னுக்கும் வாங்கும்போதே பத்துக் காசு முன்பணம். வைப்புத்தொகை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாத பழைய சரக்குக்குப் பணம் திரும்பாது. பேரங்காடிப் பக்கம் இருக்கும் இயந்திரத்தில் காலிப் புட்டியைப் போட்டால் திரும்பக் கிடைக்கும். நசுக்காதீர்கள், லேபிளைக் கிழிக்காதீர்கள், இயந்திரத்துக்கு அடையாளம் தெரியாது. கண்ணாடிப் பாட்டில் இதில் சேராது, அது வழக்கம்போல நீலத் தொட்டிக்கே.

டின் பொறுக்கும் முதியவர் யாராவது உங்கள் புளோக்கில் இருந்தால் அவரிடமே கொடுத்துவிடலாம். நான் அப்படித்தான் செய்யப்போகிறேன்.

தீபாவளிக்கு வீட்டை ஒழித்தோம். பழுதான மிக்சி, பழைய மடிக்கணினி, சேலைகள், முறுக்குச் சுட்ட எண்ணெய் இரண்டு பாட்டில், ஒரு சோபா. எல்லாம் எங்கே போடுவது? – வாசகி, செங்காங்

எதுவும் நீலத் தொட்டிக்கு இல்லை. மடிக்கணினி, கைப்பேசி, பேட்டரி ஆகியவற்றைக் கடைத்தொகுதிகளில் இருக்கும் மின்னியல் கழிவுத் தொட்டியில் போடலாம், 2021 ஜூலை முதல் அந்த ஏற்பாடு நடக்கிறது. போடுவதற்கு முன் அதிலுள்ள படங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு, கணினியில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். மிக்சி அந்தத் தொட்டியின் பட்டியலில் கிடையாது. கரங்குனிக்காரர் வாங்கிக்கொள்வார், உள்ளே செம்புக் கம்பி இருக்கிறது. குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம் மாற்றுவதாக இருந்தால் புதியதைக் கொண்டுவருகிற கடைக்காரரே பழையதை இலவசமாக எடுத்துப்போக வேண்டும். வாங்கும்போதே கேட்டுவையுங்கள்.

சேலைகள் கட்டுகிற நிலையில் இருந்தால் யாருக்காவது கொடுங்கள். எண்ணெயைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள், கழிவுநீர்க் குழாய் அடைக்கும். ஆறவைத்து பாட்டிலில் நிரப்பினால் பயன்படுத்திய சமையல் எண்ணெய் சேகரிக்கும் இடங்கள் சில வட்டாரங்களில் இருக்கின்றன. உங்கள் வட்டாரத்தில் இல்லையென்றால் பழைய செய்தித்தாளில் உறிஞ்சவைத்துக் கட்டிக் குப்பைக் குழாயில் போடுங்கள்.

சோபாவுக்கு நகர மன்றத்துக்குப் போன் செய்து தேதி வாங்குங்கள். பல நகர மன்றங்கள் மாதம் மூன்று பெரிய பொருள்கள் வரை இலவசமாக எடுக்கின்றன. அதுவரை அது உங்கள் வரவேற்பறையிலேயே இருக்கட்டும். புளோக்கின் கீழே உள்ள வெற்றுத்தளத்தில் கொண்டு வைத்துவிட்டு "யாராவது எடுத்துக்கொள்வார்கள்" என்று எழுதி ஒட்டாதீர்கள், யாரும் எடுக்கமாட்டார்கள்.