கேப் போட்ட பல்லை ஏன் பிடுங்கச் சொல்கிறார்கள்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துக்காரர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு நம் ஊர்ப் பல் மருத்துவர் ஒருவர் எழுதிய பதில்கள்.

வேர் சிகிச்சை செய்து, 1,500 வெள்ளிக்குக் கேப் (பல்லுக்கு மேல் மாட்டும் உறை) போட்டேன். ஆறு வருடம் ஒரு வலியும் இல்லை. இப்போது பிடுங்க வேண்டுமாம். ஏமாற்றிவிட்டார்களா டாக்டர்?

அக்கா, கேப் பீங்கானோ உலோகமோ, அது சொத்தையாகாது. சொத்தையாவது உள்ளே இருக்கும் உங்கள் சொந்தப் பல். லயத்து வீட்டுக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று, ஆனால் தூணில் கறையான் ஏறினால்? கேப் முடிந்து பல் தொடங்கும் அந்த ஈறு ஓரக் கோட்டில்தான் கிருமி நுழைகிறது.

வேர் சிகிச்சையில் நரம்பு எடுத்த பல் சொத்தையானாலும் வலிக்காது. நான் பயப்படுவதே அதற்குத்தான். வலிக்கும் பல்லோடு ஓடி வருவீர்கள், வலிக்காததை மறந்துவிடுவீர்கள். எக்ஸ்ரே எடுத்தாலும் உலோகக் கேப்புக்கு அடியில் இருப்பது தெரியாது, ஓரம் மட்டும்தான் தெரியும். ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது கேப் கையோடு வரும், அதற்குள் உடைந்த பல் துண்டும் இருக்கும்.

மறுபடி கேப் போட முடியுமா என்பது மிச்சப் பல்லைப் பொறுத்தது. உலக்கைக்குப் பூண் போடுகிறோமே, அதேபோல்தான் கேப்பும் பல்லைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். அதற்கு ஈறுக்கு மேலே சுற்றிலும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நல்ல பல் தேவை. கொஞ்சம் குறைந்தால் ஈறையும் எலும்பையும் சீவி உயரம் எடுக்கலாம், அல்லது பல்லைக் கம்பி கட்டி மேலே இழுக்கலாம். சொத்தை எலும்புக்குக் கீழே இறங்கிவிட்டால் நான் பிடுங்கத்தான் சொல்வேன். உங்களுடையது இதில் எது என்று படத்தைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். ஆறு வருடம் குறைவுதான், ஆனால் அதை மட்டும் வைத்து ஏமாற்று என்று சொல்ல மாட்டேன்.

கேப் கழன்றுவிட்டது. சூப்பர் குளூ வைத்து ஒட்டலாமா?

வேண்டாம் தம்பி! கழுவி ஒரு டப்பாவில் போட்டு, அந்த வாரமே கிளினிக்குக் கொண்டு போங்கள். நாள் கடந்தால் பக்கத்துப் பல் சாய்ந்துவிடும், கேப் உட்காராது. சும்மா செருகிக்கொண்டு தூங்காதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் போனால் பெரிய ஆஸ்பத்திரிதான்.

கேப் போட்ட பல்லுக்கு மேலே ஈறில் ஒரு சிறு கொப்புளம். வரும், உடையும், மறையும். வலியே இல்லை. விட்டுவிடலாமா?

ஐயா, அது உள்ளே சேர்ந்த சீழ் வெளியேறும் வழி. வழி இருப்பதால்தான் வலி இல்லை. காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. வேருக்குள் மறுபடி தொற்று வந்திருந்தால் வேர் சிகிச்சையைத் திரும்பச் செய்து பார்க்கலாம், பல கேஸ் பிழைத்துவிடும். வேர் நெடுக்காகக் கீறியிருந்தால் கஷ்டம். நரம்பெடுத்த பல்லில் கேப் நிற்கப் பல சமயம் உள்ளே தண்டு இறக்கியிருப்பார்கள். ஒவ்வொரு கடிக்கும் அது ஆப்பு மாதிரி வேலை செய்து, விறகு பிளப்பதுபோல் வேரைப் பிளந்துவிடலாம். ஐஸ், எலும்பு, கொட்டைப்பாக்கு, இரவில் பல் நறநறப்பது எல்லாம் அதற்குத் துணை. கீறிய வேரை நம்பகமாக ஒட்ட வழியில்லை. வேர்கள் பல உள்ள கடைவாய்ப் பல்லில் எப்போதாவது கீறிய வேரை மட்டும் எடுக்கலாம். மற்றபடி பிடுங்குவதுதான்.

இனிப்புநீர் இருக்கிறது. கேப் போட்ட பல் ஆடுகிறது. கேப் சரியில்லையா?

முதலில் ஆடுவது கேப்பா, பல்லா என்று பார்க்க வேண்டும். பல் என்றால் அதைத் தாங்கும் எலும்பு கரைந்திருக்கலாம். இனிப்புநீர் கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் ஏறும், ஈறு நோய் இருந்தால் சீனி அளவு இறங்க அடம்பிடிக்கும். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கே வந்து மலிவாகப் பல்லுக்கு வெள்ளை ஓடு ஒட்டுகிறார்களே?

பதிவு இல்லாதவர் செய்தால் 2018-ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டப்படி குற்றம். ஓரம் துருத்திக்கொண்டு ஈறு வீங்கி என்னிடம் வந்தவர்களைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பல் மருத்துவர் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள்.

நல்ல கேப் எத்தனை வருடம் நிற்கும்?

பத்துப் பதினைந்து வருடம் எதிர்பார்க்கலாம், இருபது தாண்டியதும் உண்டு. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பல் மிஸ்ஸி (பல் தாதி) சொல்லிக் கொடுத்ததுதான்: ஈறு ஓரத்தைத் தேயுங்கள். கூடவே பல் இடுக்கில் நூல் விடுங்கள். தே தாரிக்கை நாள் முழுக்க உறிஞ்சாமல் சாப்பாட்டோடு குடித்து முடியுங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது காட்டுங்கள்.

பிடுங்கிய பல்லின் கேப்பைத் திருப்பித் தருவார்களா? மஞ்சளாக இருக்கிறது.

கேளுங்கள், தருவார்கள், உங்கள் சொத்துதானே. ஆனால் மஞ்சளாக இருப்பதெல்லாம் தங்கம் இல்லை. நகைக்கடைக்குப் பஸ் ஏறும் முன் டாக்டரிடமே என்ன உலோகம் என்று கேட்டுவிடுங்கள்.